ஆற்றைத் தாண்டிய கரகம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்ததுதான். அதற்குப் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் கல்யாணப் பத்திரிகையின் மேலே பெயரும் ஊரும் மட்டும். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிற பெண், மலர் ஒன்று போடுகிறோம், அந்தக் காலத்து விளையாட்டு, திருவிழா எதையாவது பற்றி எழுதிக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டாள். வாயால் சொல்கிறேன், நீ எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் தாளே பரவாயில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபகமும் இப்போது முன்னைப் போல இல்லை. வந்தது வந்தபடி எழுதுகிறேன்.

யாங்கோனை அப்போது நாங்கள் ரங்கூன் என்றுதான் சொல்வோம். துறைமுகத்துக் கூலி லைனில் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஜெட்டியில், அதாவது கப்பல் அணைகிற துறையில், மூட்டை ஏற்றும் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கும் ஜெட்டியில்தான் வேலை என்றாலும் வேலை என்ன என்று கேட்டால் லைன் முழுக்க ஒரே பதில்தான் வரும்: கோல்கீப்பர்.

எங்கள் லைனுக்கு ஒரு பந்தாட்டக் கோஷ்டி இருந்தது. பாதி தமிழ் ஆட்கள், பாதி பர்மாக்காரர்கள். மூலை டீக்கடைக்காரரின் மூத்த மகன்தான் கேப்டன். பர்மாக்காரர். ஆனால் தவழும் காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் சோறு தின்று வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் மாதிரி வரும். நாங்கள் அவரை அக்கோ என்போம், பர்மாவில் அண்ணனுக்கு அதுதான் சொல். ஆண்டுக்கு ஒரு தடவை எங்கள் கோஷ்டிக்கும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியின் என்கிற ஊரின் கோஷ்டிக்கும் பந்தயம் நடக்கும். ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு பித்தளைக் கோப்பை. அந்தக் கோப்பை டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற வருஷங்களில் அக்கோ தேநீரில் பால் தாராளமாக ஊற்றுவார். அது அக்கரைக்குப் போய்விட்ட வருஷங்களில் கடைப்பக்கம் போகவே யாருக்கும் மனசு வராது. நான் சொல்லப்போகிற வருஷம் கோப்பை அக்கரையில் இருந்தது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குப் பின்னால் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது, இன்னொன்று பால்குடி மறக்குமுன். மூன்றாவது வயிற்றில் இருந்தது. வயிறு நன்றாகத் தெரிந்தும் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள், யாராவது பேசினாலும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்து நிலைக்க வேண்டும் என்று மாமா அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பங்குனியில் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டு காப்பும் கட்டிக்கொண்டார். எனக்கும் இதெல்லாம் தெரியும், ஒரு சின்னப் பெண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு.

காப்பு என்றால், வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு விரலி மஞ்சள் துண்டு கோத்து மணிக்கட்டில் பூசாரி கட்டிவிடுவது. கட்டிய நாள் முதல் தீ மிதிக்கிற நாள் வரை கவுச்சி கூடாது, பாயில் படுக்கக்கூடாது, கோபித்துப் பேசக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நேர்த்தி முறிந்துபோகும். யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அவர்களுக்கு ஆகாது.

அந்த வருஷம் பந்தயம் காப்புக்கு முந்தியே நடந்து முடிந்திருக்க வேண்டியது. தன்லியின் மைதானத்தில் பயாத் திருவிழா, அதாவது புத்தர் கோயில் திருவிழா, கடை கண்ணி ராட்டினம் என்று இடத்தை அடைத்துக்கொண்டது. பந்தயத்தைத் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டது நேராகக் காப்பு வாரத்தில் வந்து விழுந்தது.

மாமா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வரவில்லை என்று அக்கோவிடம் சொல்லிவிட்டு வந்து தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டார். மாமாவை விட்டால் இன்னொரு கோல்கீப்பர், டீக்கடையில் ரொட்டிக்கு மாவு பிசைகிறவர். அவர் கையில் வந்த பந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. "பந்தையும் பிசைஞ்சு உள்ளே உருட்டி விட்டுருவான்" என்று அப்பா சொன்னார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. எல்லை எது என்பதுதான் வழக்கு. எங்கள் பெரியவர்களின் ஊர்களில் எல்லைக்கல் இருந்ததாம், குழப்பமே இல்லையாம். ரங்கூனுக்கு எல்லைக்கல்லை யார் நட்டார்கள்? ரயில் தண்டவாளம்தான் எல்லை என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. அப்படியானால் ஜெட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் தினமும் எல்லை தாண்டுகிறார்கள், அவர்கள் காப்பு என்ன ஆனது என்று அப்பா கேட்டார். ஆறுதான் எல்லை என்றார் ஒருவர். ஆற்றில் சம்பான் ஓட்டுகிற ஒருவரும் அந்த வருஷம் காப்புக் கட்டியிருந்தார், அவர் உடனே எழுந்துகொண்டார். கடைசியில் எல்லோருமாகப் பூசாரியைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் பகலில் துறைமுகத்துப் பாரம்தூக்கிக்கு எண்ணெய் போடுகிறவர். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் யோசித்துச் சொன்னார்:

"கல்லு மண்ணெல்லாம் எனக்குத் தெரியாதப்பா. அம்மன் கரகம் எது வரைக்கும் போகுதோ அது அவ எல்லை. எங்கப்பா அப்படித்தான் சொல்லியிருக்காரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். கரகம் எங்கள் லைனைச் சுற்றி, கடைத்தெரு வழியாகப் போய், ஜெட்டி முகப்பில் திரும்பிவிடும். அப்படியானால் தன்லியின் ஊர் எல்லைக்கு வெளியேதான். வழக்கு முடிந்தது என்று கூட்டம் கலையப் பார்த்தபோது அக்கோ எழுந்து பூசாரியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பூசாரி ஐயா, தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. கரகம் அக்கரைக்கு வந்துட்டா?"

"என்னது?"

"அம்மன் படகுல வருவாங்களா மாட்டாங்களா? டிக்கெட் நான் எடுக்கிறேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பூசாரி சிரிக்கவில்லை. தன்லியினிலும் நம் சனங்கள் இருக்கிறார்கள், ஆலையில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் வாசலுக்கு அம்மன் போனதே இல்லை, போகக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். பிறகு, அம்மனையே கேட்டுவிடலாம், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சம்மதம். பொட்டலம் எடுக்கக் குழந்தை வேண்டும். நான் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அத்தை என்னை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினாள். இத்தனை கண்களும் என்மேல்! கையில் பட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன். வெள்ளைப் பூ. மற்றப் பொட்டலத்தைப் பூசாரி மடியில் செருகிக்கொண்டார், அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மன் சொல்லியாயிற்று. ஆனாலும் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாமா மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்க்கா, நான் போகல, விடு" என்றார்.

அம்மா குடத்தைக் குழாயில் வைத்தாள், அது நிறைந்ததும் குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்:

"மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு ஒருத்தன் என் புள்ளைக்காகத் தீ மிதிச்சா அம்மன் ஏத்துக்குவாளா? கூட்டிக்கிட்டுப் போங்க. நானும் வர்றேன்."

"இந்த வயித்தை வச்சுக்கிட்டா?" என்றார் அப்பா.

"வயித்தை வச்சுக்கிட்டுத்தான்."

பந்தய நாளன்று பெகு ஆற்றில் அப்படி ஒரு படகு அதற்கு முன்னால் போயிருக்காது. இப்போது பாலம் இருக்கிறது, அப்போது மோட்டார் படகுதான். முன்னால் பூசாரி, தலையில் கரகம், அதன்மேல் வேப்பிலையும் பூவும். அவரைச் சுற்றிப் பம்பையும் உடுக்கையும். அவருக்குப் பின்னால் பந்தாட்டக் கோஷ்டி, தோளில் பூட்ஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு. அதற்கும் பின்னால் கோழிக்கூடைகளோடு சந்தைக்குப் போகிற பர்மாக்காரப் பெண்கள். கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசியிருந்த ஒரு கிழவி கரகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பந்தைப் பார்த்துவிட்டு, எது முக்கியம் என்று அக்கோவிடம் கேட்டாள். "இது வந்தாத்தான் அது" என்றார் அக்கோ.

மாமா படகின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா. படகு நடு ஆற்றைத் தாண்டியபோது அம்மா மாமாவின் வலது கை மணிக்கட்டைத் தன் கையால் மூடிக்கொண்டாள். கரை தட்டும் வரை எடுக்கவில்லை.

அக்கரையில் இறங்கியதும் நடந்ததை அக்கோ எதிர்பார்க்கவே இல்லை. கரகம் வருகிறது என்று எப்படியோ செய்தி போயிருந்தது. ஆலைக் குடியிருப்பில் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு பெண்கள் நின்றார்கள். பூசாரியின் காலில் ஊற்றிவிட்டு அப்படியே விழுந்தார்கள், அழுதார்கள்.

"இத்தனை வருசமா இந்தக் கரைக்கு வழி தெரியலியா பூசாரி?" என்று ஒரு அம்மாள் சண்டை போடுகிற மாதிரி கேட்டாள்.

"பந்து வழி காட்டுச்சு தாயி" என்றார் பூசாரி.

எந்த வாசலையும் விட முடியாது. ஒவ்வொன்றிலும் கற்பூரம், உடுக்கை, குழந்தைகளுக்குத் திருநீறு. மைதானத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். அக்கோ பூசாரியின் காதருகே போய், "ஐயா, அம்மனைக் கொஞ்சம் விரசா வரச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். இடுப்பில் குழந்தையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஒரு பெண்ணின் புருஷன் பக்கத்தில் கும்பிட்டு நின்றார். குள்ளமான ஆள், கெண்டைக்கால் மட்டும் தேங்காய் மாதிரி. தன்லியின் கோஷ்டியில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவர் அவர்தான். அக்கோ அவரைப் பார்த்ததும் முகம் கறுத்தார். அவர் மாமாவின் மணிக்கட்டைப் பார்த்ததும் முகம் கறுத்தார்.

பந்தயம் தொடங்கியபோதுதான் காரணம் தெரிந்தது. அவர் பந்தோடு ஓடி வருவார், வேகமாக வருவார், மாமாவுக்கு அருகில் வந்ததும் ஒதுங்கிவிடுவார். காப்புக் கட்டினவரை எப்படி இடிப்பது? அவர்கள் பக்கத்துப் பர்மாக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கரையில் நின்ற அவர்கள் தமிழாட்களுக்குப் புரிந்தது, ஆனாலும் விடவில்லை.

"மாப்ளே, பந்தா காப்பா, எதைப் பாத்து ஓடுற?"

"வேணும்னா அவன் கையில தட்சணை வச்சுட்டு வாடா!"

நான் அம்மாவோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கரகத்தை அதே மரத்தடியில்தான் இறக்கி வைத்திருந்தார்கள். கரும்புச்சாறு, அவித்த பயறு, சோளம் விற்கிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்கு ஆட்டம் தெரியும், மாமாவோடு போய்ப் பார்த்துப் பழக்கம். அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் ஆள் கோல் அடித்தபோது எல்லோரும் குதித்தார்கள், அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் திருப்பி அடித்தபோதும் அப்படியே. பந்து அந்தக் கோடியில் இருக்கும், அம்மா இந்தக் கோடியில் சும்மா நிற்கிற மாமாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அங்கே பாரும்மா, பந்து அங்கே" என்று தாடையைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பிவிட்டு மறுபடியும் மாமாவையே பார்த்தாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம், ஆளுக்கொரு கோலில் நின்றது. தன்லியின் பர்மாக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தார். மாமா பக்கவாட்டில் பறந்து பந்தைக் குத்தி வெளியே தள்ளினார். எங்கள் பக்கம் எழுந்த சத்தம் முடியவில்லை, மாமா மண்டி போட்டுக்கொண்டு தரையைத் தடவ ஆரம்பித்தார். மணிக்கட்டில் நூல் இல்லை.

அவர் குத்திய பந்து நேராகக் குள்ளக்காரரின் காலடிக்குப் போயிருந்தது. கோல் திறந்து கிடந்தது. காவல்காரர் தரையில் மஞ்சள் தேடிக்கொண்டிருந்தார். "கன்! கன்!" என்று அந்தக் கரை முழுக்கக் கத்தியது. உதை என்று அர்த்தம். "அடிடா! அடிடா மாப்ளே!" என்று தமிழிலும் கத்தியது. அவர் பந்தைக் காலால் மிதித்து நிறுத்தினார். மாமாவைப் பார்த்தார். பிறகு பந்தை வெளியே, கரும்புச்சாறு வண்டிப் பக்கமாக, உதைத்து அனுப்பிவிட்டு, தானும் வந்து மண்டி போட்டார்.

அவருக்குக் கிடைத்த வசவுகளை எழுத முடியாது. அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு. என் அம்மா மரத்தடியிலிருந்து எழுந்து மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். நிறைவயிற்றைத் தாங்கிக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவில், அவ்வளவு கூட்டம் பார்க்க. ரெஃபரி ஊதிக்கொண்டே ஓடிவந்தார். நான் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டேன். விரலிடுக்கில் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பங்குனி வெயிலில் புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. அதில் ஒரு மஞ்சள் துண்டைத் தேட வேண்டும். அக்கோ பர்மாவில் ஏதோ சொன்னார், இரண்டு கோஷ்டியும் குனிந்து தேட ஆரம்பித்தது. என்ன தேடுகிறோம் என்றே தெரியாத ஒருவர் சோடா மூடியை எடுத்து வந்து இதுவா என்று காட்டினார். ரெஃபரி கிழவர் ஊதலை வாயிலிருந்து எடுக்காமலே அவரும் குனிந்தார். யாருக்கும் அகப்படவில்லை.

அம்மாவால் குனிய முடியாது. நின்றபடியே கையை நீட்டினாள்.

"அங்க இல்ல. பின்னால. கம்பத்துக்கிட்ட, அந்தக் கல்லு பக்கத்துல விழுந்துச்சு. நான் பாத்தேன்."

அங்கேதான் இருந்தது. குள்ளக்காரர் எடுத்து, தொடாமல் தொட்டு, இரண்டு கையாலும் அம்மாவிடம் கொடுத்தார். பூசாரி புது நூலோடு ஓடிவந்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் கரகம் இருந்த மரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவ எல்லைக்குள்ளதானே விழுந்திருக்கு. குத்தமில்ல தாயி" என்று சொல்லி மறுபடி கட்டிவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் ஆடினார்கள், எவருக்கும் கோல் விழவில்லை. கோப்பை அரை வருஷம் அக்கரையிலும் அரை வருஷம் எங்கள் டீக்கடையிலும் இருப்பதென்று முடிவாயிற்று.

மாமா தீ மிதித்தார். மழைக்காலத்தில் தம்பி பிறந்தான், நல்ல கனமான குழந்தை. இப்போது மாவ்பியில் காய்கறி மொத்த வியாபாரம் பண்ணுகிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான், பந்து என்றால் ஆகாது. கரகம் அந்த வருஷத்திலிருந்து ஆண்டு தவறாமல் அக்கரைக்குப் போகிறது. இப்போது லாரியில் பாலத்து வழியாகப் போகிறது. வண்டியில் ஏறுகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஆதி காலத்திலிருந்தே உள்ள வழக்கம் என்பார்கள். நானும் திருத்துவதில்லை.

அன்றைக்குத் திரும்பி வருகிற படகில் நான் அம்மாவோடு உட்காரவில்லை. அம்மா உள்ளே போயிருக்காவிட்டால் ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தியிருக்க மாட்டார், எங்கள் ஆட்கள் எப்படியாவது இன்னொரு கோல் அடித்து கோப்பையை முழுசாகக் கொண்டு வந்திருப்பார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அக்கோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் வாங்கித் தந்த சோளத்தைக் கடித்துக்கொண்டு வந்தேன். அக்கோ, "அமாகிட்ட போ" என்றார். அமா என்றால் அக்கா. போகமாட்டேன் என்று தலையாட்டினேன்.

எதிரில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, வெயில் முகத்தில் அடித்தது கூடத் தெரியாமல், பம்பைச் சத்தத்திலும் கோழிச் சத்தத்திலும் அசையாமல் தூங்கினாள். எவ்வளவு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டு எப்படித் தூக்கம் வருகிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை வயிற்றில் வந்த நாளிலிருந்து அம்மா ஒரு ராத்திரியும் கண் அசந்ததில்லை என்பது எனக்குத் தெரியாது. ஜெட்டி வந்த பிறகும் மாமா எழுப்பாமல் உட்கார்ந்திருந்ததும், படகுக்காரர் கூட ஒன்றும் சொல்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அச்சில் போடுமுன் தன்லியின் பக்கத்துப் பெரியவர்கள் யாரையாவது கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கோலா இரண்டு கோலா, மரம் வேம்பா தூங்குமூஞ்சியா, எனக்கு நிச்சயமில்லை. பயாத் திருவிழா அந்த வருஷம்தானா என்பதும் சந்தேகம். தப்பாக இருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். அம்மா தூங்கியதை மட்டும் மாற்ற வேண்டாம். அது எனக்கு நன்றாகத் தெரியும்.